பதில்: பவுடர் போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது

சகோதரி, உங்களுக்கு மாநிறம், எண்ணெய் வடியும் நெற்றி, பவுடர் போட்ட சிறிது நேரத்தில் முகம் சாம்பல் பூக்கிறது, அடுத்த வாரம் தங்கையின் திருமணம் என்று எழுதியிருந்தீர்கள். குறை பவுடரின் நிறத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் வெளுப்பானதாக வாங்கும் பழக்கத்தைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் நிறம் அழகானது; அதை மறைக்க வேண்டியதில்லை.

கடையில் புறங்கையில் தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். கழுத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போவதே உங்களுக்கான நிறம். மாநிறத்துக்குப் பெரும்பாலும் மஞ்சள் சாயல் பொருந்தும். இளஞ்சிவப்புச் சாயல்தான் பலருக்குச் சாம்பலாகத் தெரிகிறது. டைட்டானியம் டையாக்சைடும் ஜிங்க் ஆக்சைடும் வெள்ளை நிறமிகள். டப்பாவில் உள்ள பொருள்பட்டியலில் அவை முன்வரிசையில் இருந்தால் வேறு பவுடரைப் பாருங்கள். வாங்கியதும் செல்பேசி ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். சிலிகா (எண்ணெயை உறிஞ்சச் சேர்க்கும் வெள்ளைத் துகள்) மிகுந்த சில பவுடர்கள் நேரில் தெரியாமல், படத்தில் மட்டும் வெள்ளைத் திட்டாக விழும். கல்யாண ஆல்பத்தில் அதைப் பார்ப்பது பெரிய வேதனை.

மாய்ஸ்சரைசர் தோலில் இறங்கிய பிறகே பவுடரைத் தொடுங்கள். ஈரத்தில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். பஃப்பைத் தட்டி உதறிவிட்டு நெற்றி, மூக்கு, முகவாயில் அழுத்தி ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். கன்னத்துக்குப் பஃப்பில் மிச்சம் இருப்பதே போதும். மண்டபத்தில் எண்ணெய் வழிந்தால், டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பிறகே மறுபடி பவுடர். பஃப்பை முந்தின நாளே சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துவிடுங்கள்.