பதில்: மேட் இன் சைனா 2025-ல் பணம் யார் கொடுத்தது?

சீன அரசின் தொழில் வளர்ச்சித் திட்டமான மேட் இன் சைனா 2025 ஆவணத்தை முழுக்கப் படித்தும் எந்தக் கம்பெனிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று பிடிபடவில்லை, ஆய்வுக்கட்டுரை நகரவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் தேடினால் கிடைக்காது. 2015-ல் பெய்ஜிங் வெளியிட்ட அந்த ஆவணம் 10 துறைகளைச் சொல்லித் திசை காட்டுகிறது, அவ்வளவுதான். காசை இறக்குவது பெரும்பாலும் மாகாணமும் நகரமும். அதனால் ஒரே ஒரு நகரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ஹெஃபெய்.

2020-ல் மின்கார் நிறுவனமான நியோ பணமில்லாமல் தத்தளித்தபோது, ஹெஃபெய் நகர அரசின் முதலீட்டு நிறுவனம் மற்ற அரசு முதலீட்டாளர்களையும் சேர்த்துக்கொண்டு 700 கோடி யுவானுக்கு அதன் சீனத் துணை நிறுவனமான நியோ சைனாவில் 24.1 சதவீதப் பங்கை வாங்க ஒப்பந்தம் போட்டது, அதாவது சும்மா மானியமாகத் தூக்கிக் கொடுக்கவில்லை, பதிலுக்கு நியோவின் சீனத் தலைமையகம் ஹெஃபெய்க்கு வர வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். நியோ அமெரிக்கப் பங்குச்சந்தையிலும் இருப்பதால் அதன் ஆண்டறிக்கையில் இதெல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.

அப்புறம், தயவுசெய்து வெற்றிக் கதையோடு நிறுத்திவிடாதீர்கள். வுஹானில் ஹோங்சின் என்ற சிப் நிறுவனம் 2017-ல் மாவட்ட அரசின் பங்கோடு தொடங்கியது. விழா எடுத்து வரவேற்ற, நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்த சிப் தயாரிப்பு இயந்திரத்தையே வங்கியில் அடமானம் வைத்தார்கள், கடைசிவரை உற்பத்தி தொடங்கவே இல்லை.