முதலில் டிஸ்கின் சத்தத்தைக் கேளுங்கள்

கேள்வி: என் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்துவிட்டது. அப்பா, அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். இப்போது கம்ப்யூட்டரில் செருகினால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?
- வாசகி, வேளச்சேரி

பதில்: ஃபார்மேட்டுக்குச் சரி சொல்லிவிடாதீர்கள் அம்மா. சாஃப்ட்வேர் பெயருக்கு முன்னால், டிஸ்கை ஒரே ஒரு முறை செருகிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். டக், டக் என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். உள்ளே தகவலைப் படிக்கும் ஹெட் போயிருக்கலாம். அதை எந்த சாஃப்ட்வேராலும் சரிசெய்ய முடியாது. க்ளீன் ரூம், அதாவது தூசியில்லாத அறை உள்ள லேபுக்குத்தான் போக வேண்டும்.

ரிச்சி தெருவில் என் கடைக்கு ஒரு தம்பி, அப்படி அடித்த டிஸ்கில் ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடவிட்டுக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய தட்டில் வளையமாக ஒரு கீறல், ஓரமெல்லாம் கரும்பொடி. தகவல் இருந்த பூச்சுதான் அந்தப் பொடி. அதை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

சத்தம் இல்லாமல் சீராகச் சுற்றுகிறதா? அப்போதும் நேராக ரிகவரி வேண்டாம். 1 டிபிக்குக் குறையாத இன்னொரு டிஸ்க் வாங்கி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற சாஃப்ட்வேர் கொண்டு முழு நகல் எடுங்கள். இலவசம்தான். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, படிக்க முடியாத இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை நகலெடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் வைத்திருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அப்புறம் தேடல் எல்லாம் அந்த நகலில்தான். நான் முதலில் டிஎம்டிஇ (DMDE) என்ற ரிகவரி சாஃப்ட்வேர் போடுவேன். ஃபோல்டர், ஃபைல் பெயரோடு காட்டும். இலவசப் பதிப்பிலேயே ஒரு ஃபோல்டரிலிருந்து ஒரு தடவைக்கு 4,000 ஃபைல் வரை எடுக்கலாம். கல்யாண ஆல்பத்துக்கு அதுவே போதும். அதில் வராவிட்டால் ஃபோட்டோரெக் (PhotoRec). இதுவும் இலவசம், ஆனால் பெயர்கள் போய்விடும், ஆயிரக்கணக்கான படங்களை உட்கார்ந்து பிரிக்க வேண்டும். காசு கட்டும் சாஃப்ட்வேர் என்றால், டெமோவில் உங்கள் படம் ஒன்றாவது முழுதாகத் திறந்த பிறகு கட்டுங்கள்.

அன்று படம் எடுத்த போட்டோகிராபருக்கும் இன்றே ஒரு போன் போடுங்கள். அவரிடம் ஒரு காப்பி இருக்கலாம்.