ஆமை வளர்ப்பில் சந்தேகம் வந்தால் இணையத்தில் தேடுவது நல்லதா, வளர்த்துப் பழகியவர்களைக் கேட்பது நல்லதா?

வளர்த்துப் பழகியவர்களைக் கேளுங்கள். ஆனால் உங்கள் சந்தேகத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: “உங்ககிட்ட இருக்கிறதிலேயே மூத்த ஆமைக்கு என்ன வயசுண்ணா?”

இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள்.

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: ஒரு வயது ரெட் இயர்ட் ஸ்லைடர் ஆமை, ஓட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தேடினால் பூஞ்சை என்கிறது, ஓடு அழுகல் என்கிறது. வாங்கிய கடையிலோ “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், உப்பு” என்கிறார்கள். யாரை நம்புவது?

கடைக்காரர் சொன்னது அநேகமாகச் சரி. ஆனாலும் அடுத்த சந்தேகத்துக்கு அவரிடம் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். காரணம் பிறகு வருகிறது, முதலில் திட்டைப் பார்த்துவிடலாம்.

போர் தண்ணீர் வருகிற வீட்டில் குழாய் முனையிலும் கெய்சரிலும் படிகிற அதே உப்புதான் ஆமை ஓட்டிலும் படியும். ஆமை கல் மேல் ஏறி வெயில் காயும்போது ஓட்டில் இருக்கும் தண்ணீர் வற்றி, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. ஆமையை எடுத்துத் துடைத்து நிழலில் காயவிட்டுப் பாருங்கள். காய்ந்ததும் வெள்ளை பளிச்சென்று தெரிந்து, நனைத்ததும் ஏறக்குறைய மறைந்துவிட்டால் உப்பு. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். தண்ணீர் கலந்த வினிகரைத் தொட்டு, பழைய மெத்தென்ற டூத் பிரஷால் கண், மூக்கில் படாமல் தேய்த்துக் கழுவினால் போய்விடும். வெள்ளை ஒரு கட்டத்துக்குள் மட்டும், மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் காற்று புகுந்த மாதிரி தெரிந்தால் அது உரியப்போகும் பழைய ஓட்டுத் தகடு. தானாக விழும், பிய்க்கக் கூடாது. அழுத்தினால் அமுங்கினாலோ, குழி விழுந்து நாற்றம் அடித்தாலோதான் ஓடு அழுகல். அதற்கு மருத்துவர் வேண்டும்.

இந்த மூன்றும் ஃபோட்டோவில் ஒரே மாதிரித்தான் இருக்கும். அமுங்குவதும் நாறுவதும் படத்தில் வராது. கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதன் பலன் அதுதான்.

இப்போது வயது விஷயம். ஊர்வன வளர்ப்பில் ஒரு கஷ்டம் உண்டு, மீனிலோ கோழியிலோ அவ்வளவாக இல்லாதது: தப்பு செய்தால் உடனே தெரியாது. தண்ணீர் கெட்டால் மீன் மறுநாளே மிதந்து காட்டிக்கொடுக்கும். ஆமையின் உடம்பு நிதானமாக ஓடுகிற உடம்பு. வெறும் காய்ந்த இறாலைப் போட்டு வளர்த்தாலும் மாதக்கணக்கில் சாதாரணமாகத்தான் நீந்தும். பிறகு ஒருநாள் கண் வீங்கி மூடிக்கொள்ளும், வைட்டமின் ஏ போதாமல். கண் தெரியாததால் சாப்பிடாது, சாப்பிடாததால் இன்னும் மோசமாகும். வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் இல்லாமல் வளர்ந்தால் ஓடு மெல்ல மெல்ல இளகும், விளிம்பு மேல்நோக்கி வளையும். அதற்குள் ஒரு வருடம் ஓடியிருக்கும். அந்த ஒரு வருடமும் வளர்ப்பவர் ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்திருப்பார், நல்ல மனதோடுதான்.

அதனால் “பதினைந்து வருஷமா இந்த லைன்ல இருக்கேன்” என்பதற்கு நான் பெரிய மதிப்பு தருவதில்லை. பதினைந்து வருடம் கடை நடத்துகிறவர் பார்த்ததெல்லாம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய குட்டிகள். வந்த சில வாரத்தில் விற்றுப் போய்விடும், அப்புறம் அவை என்ன ஆயின என்று அவருக்குத் தெரியாது. ஸ்லைடர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம் இருக்கும். பெண் ஆமையின் ஓடு 25 சென்டிமீட்டரைத் தாண்டிப் போகும். “சின்னத் தொட்டியில வெச்சா சின்னதாவே இருக்கும் சார்” என்பது குட்டியை மட்டுமே பார்த்தவர் சொல்கிற வசனம். ஒரே ஒரு ஆமையைப் பத்து வருடமாக வைத்து, அது நன்றாக இருக்கும் வீட்டுக்காரம்மா ஒருவர் கிடைத்தால் அவர் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்கு லத்தீன் பெயர் தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை.

அப்படியானால் இணையம் தண்டமா? இல்லை. ஆனால் அங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குளிர்ந்த அறைக்குள் ஆமை வளர்ப்பவர்களுக்காக எழுதியது. தேடினால் மேலே வருகிற பத்துப் பக்கமும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை என்பது இரண்டைப் படித்தாலே தெரிந்துவிடும். தண்ணீர் 78 டிகிரி, வெயில் காயும் இடம் 90 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 26-உம் 32-உம். ஓட்டின் நீளம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 10 கேலன் தண்ணீர் என்பார்கள். அமெரிக்க கேலனில் அது 38 லிட்டர், எட்டு அங்குல ஆமைக்கு 300 லிட்டர் ஆகிறது. கணக்கு நியாயமானதுதான், ஆனால் அந்த அளவுக்குக் கண்ணாடித் தொட்டி விலை கேட்டால் தலை சுற்றும். மூத்த ஆமை வைத்திருப்பவர் வீட்டில் பாருங்கள், பால்கனியில் சிமெண்ட் தொட்டியோ, குறுக்காக வெட்டிய பழைய சின்டெக்ஸோதான் இருக்கும். ஆமைக்குக் கண்ணாடி வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது நமக்கு.

ஹீட்டர் கதையும் அப்படித்தான். எல்லாப் பட்டியலிலும் முதல் வரியில் ஹீட்டர் இருக்கும். ஊட்டியிலோ டிசம்பர் பெங்களூரிலோ இருந்தால் வாங்குங்கள். சென்னை, மதுரை, திருச்சியில் பிரச்சினையே தலைகீழ். கத்திரி வெயிலில் பால்கனித் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டாமல் எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி, அதற்கு எந்த வெளிநாட்டுப் பக்கத்திலும் உருப்படியான பதில் கிடைக்காது. இங்கே வளர்ப்பவர்கள் செய்வது: தண்ணீரின் ஆழத்தைக் கூட்டி, தொட்டியின் முக்கால் பாகத்துக்குப் பச்சை ஷேட் நெட் கட்டி, மதியம் பாதித் தண்ணீரை மாற்றிவிடுவது. மேல்தொட்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் தண்ணீரை நேராகத் திறந்துவிடக் கூடாது, காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வைத்துவிட வேண்டும். தீனியும் அப்படியே. அவர்கள் டேன்டெலியன் கீரை, காலர்ட் கீரை என்று எழுதுவார்கள். நம் ஊரில் முருங்கைக்கீரை இருக்கிறது, சுண்ணாம்புச் சத்தும் உண்டு, வைட்டமின் ஏ-க்கு வேண்டியதும் உண்டு. ஆமைக்கென்று விற்கிற நல்ல பெல்லட் தீனியோடு வாரத்தில் சில நாள் முருங்கையையும் கேரட் துருவலையும் போட்டுப் பழக்கினால் போதும். குட்டி முதலில் சீண்டாது. வளர வளரப் பச்சைக்கு மாறும்.

வெயிலுக்கு வருவோம். இங்கே இரண்டு பக்கமும் பாதிப் பாதி சரி. விலை கூடிய யுவிபி விளக்கு இல்லாவிட்டால் ஆமை செத்துவிடும் என்பது இணையத்தின் மிரட்டல். மொட்டை மாடி இருப்பவருக்குக் காலை வெயில் எந்த விளக்கையும்விட மேல். ஆனால் “ஜன்னல் ஓரமா வெச்சா போதும்” என்று பழைய ஆட்களே சொல்வார்கள், அது தவறு. கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், யுவிபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஜன்னல் ஓரத்துக் கண்ணாடித் தொட்டியில் சத்து கிடைக்காது, வேக்காடுதான் கிடைக்கும். மாடியில் வைத்தாலும் பாதி நிழல் இருக்க வேண்டும், மேலே கம்பி வலை இருக்க வேண்டும். வலை எதற்கு என்று எந்தப் பக்கத்திலும் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள். நம் ஊர்க் காக்கைக்கு ஆமைக் குட்டி ஒரு வாய். விளக்குதான் வழி என்றால் ஒன்று: யுவிபி குழல் பார்வைக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே சக்தி குறைந்துவிடும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும்.

எழுத்தில் இருப்பதை மட்டுமே நம்ப வேண்டிய இடம் மருந்து. பாம்பு, ஓணான் வகைகள் வைத்திருப்பவர்கள் உண்ணிக்கும் புழுவுக்கும் ஐவர்மெக்டின் பயன்படுத்திப் பழகியிருப்பார்கள். “என் இகுவானாவுக்குப் போட்டேன், ஒண்ணும் ஆகல” என்பார். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் ஆமைக்கு அதே மருந்து விஷம், கை கால் செயலிழந்து செத்துவிடும். 1983-லேயே இதைக் கால்நடை மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டுவிட்டார்கள். ஒருவருடைய அனுபவம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அது அவர் வளர்த்த இனத்துக்கு மட்டும்தான். கண் வீக்கத்துக்கு வைட்டமின் ஏ ஊசி போடச் சொல்வதும் இதே ரகம். அளவு மீறினால் தோல் வழண்டு உரிந்துவிடும். வீட்டில் ஊசி வேண்டவே வேண்டாம்.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி விஷயமும் இப்படித்தான். “எத்தனை வருஷமா கையில எடுக்கிறோம், எங்களுக்கு என்ன ஆச்சு?” என்று சிரிப்பார்கள். ஆமைக்கு நோய் எதுவும் தெரியாமலே அந்தக் கிருமி அதன் குடலில் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் ஆஸ்பத்திரிதான். குட்டி ஆமைகளால் பிள்ளைகள் பாதிக்கப்பட்டதால்தான் ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமையை விற்க அமெரிக்காவில் 1975-லேயே தடை போட்டார்கள். சமையலறை சிங்க்கில் தொட்டியைக் கழுவாதீர்கள், தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

சட்டத்தையும் வளர்ப்பவர்களிடம் கேட்காதீர்கள். “எல்லார் வீட்டிலயும் இருக்கு” என்றுதான் பதில் வரும். நட்சத்திர ஆமையையும் நம் ஊர்க் குளத்துப் பாலாமையையும் வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும். ஸ்லைடர் மிசிசிப்பிப் பக்கத்து இனம் என்பதால் கடையில் புழங்குகிறது. வளர்ந்து பெரிதானதும் “கோயில் குளத்துல விட்டுடுங்க, புண்ணியம்” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். உலகின் மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இருக்கும் பிராணி அது. குளத்தில் விட்டால் நம் ஆமைகளின் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொள்ளும்.

யாரிடம் கேட்டாலும் “என் ஆமை டல்லா இருக்கு, என்ன பண்ண?” என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. தண்ணீரின் வெப்பநிலை, தீனி என்ன, வெயிலா விளக்கா, விளக்கு என்றால் வாங்கி எத்தனை மாதம், சமையல் தராசில் வைத்த எடை, பகல் வெளிச்சத்தில் ஓடு காய்ந்திருக்கும்போது ஒரு படமும் நனைந்திருக்கும்போது ஒரு படமும். இவ்வளவும் கொடுத்தால் நல்ல வளர்ப்பாளர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இவற்றைக் கேட்காமலே பதில் சொல்கிறவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி வருவது ஆகியவற்றுக்குத் தேடவும் வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம். நிமோனியாவாக இருக்கலாம். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேறு ஊர் என்றால் ஆமை பார்ப்பீர்களா என்று ஃபோனில் கேட்டுவிட்டு ஒரு மருத்துவர். நாய் பூனை மட்டுமே பார்க்கிற டாக்டர்கள் நிறைய, அவர்கள் மேல் தப்பில்லை. தண்ணீர் ஊற்றாமல், ஈரத்துணி விரித்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் கொண்டு போங்கள். சோர்ந்து போன ஆமை கொஞ்சம் தண்ணீரில்கூட மூழ்கிவிடும்.