அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டில் மேலே ஏறுவதற்காக ஒரு அணி அடுத்த ஆண்டின் முதல் ரவுண்டு பிக்கை (ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை) கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் எடுக்கப்போவது குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக இருக்க வேண்டும். கொடுக்கிற அணி ஏற்கெனவே நன்றாக ஆடுகிற அணியாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். நடப்பதோ பல நேரம் தலைகீழ். தோற்றுத் தோற்றுத் தவிக்கும் அணிதான் அவசரப்பட்டு எதிர்காலத்தை அடகு வைக்கிறது.

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே பணத்தைக் கொட்டி ஒருவரைத் தூக்கிவிட முடியாது. டிராஃப்டில் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன: முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும், சாம்பியன் 32ஆவதாக வரும். இப்படி 7 ரவுண்டு. தனக்கு வேண்டிய ஆட்டக்காரர் தன் முறை வருமுன் போய்விடுவார் என்று தோன்றினால், முன்னால் நிற்கும் அணியோடு இடம் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு விலையாக இந்த ஆண்டின் மற்ற பிக்குகளையும், அவை போதாவிட்டால் வரும் ஆண்டுகளின் பிக்குகளையும் கொடுக்க வேண்டும்.

அந்த விலைக்கு ஒரு கணக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது, டாலஸ் கவ்பாய்ஸ் அணி ஒரு புள்ளிப் பட்டியல் தயாரித்தது. முதல் பிக்குக்கு 3000 புள்ளி, 16ஆவதுக்கு 1000, 32ஆவதுக்கு 590. அதுவரை நடந்த பேரங்களை வைத்துப் போட்ட பட்டியல் அது. எடுக்கப்பட்டவர்கள் களத்தில் எப்படி ஆடினார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. பிறகு கேட் மாசியும், 2017இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் அந்தக் கேள்வியையே எடுத்து ஆராய்ந்தார்கள். முதல் சில பிக்குகளுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. ஒரே பொசிஷனில் முன்னால் எடுக்கப்பட்டவர் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்தவராக அமைவதற்கான வாய்ப்பும் பாதிக்குச் சற்றே மேல்தான்.

அவர்கள் ஆய்வு தொடங்கிய காலத்தில் முதல் பிக்கின் சம்பளமே பெரும் சுமையாக இருந்தது. 2010இல் சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011இல் தொழிலாளர் ஒப்பந்தம் மாறியதும், கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு ஏறக்குறைய 2.2 கோடிதான். அதனால் சம்பளத்தைப் பற்றிய வாதம் இன்று பழைய வலுவோடு இல்லை. ஆனால் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முன்கூட்டிக் கணிப்பதில் உள்ள சிரமம் அப்படியே இருக்கிறது.

குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் நான் விலக்கு தருவது இந்தச் சம்பள மாற்றத்தால்தான். நிலைபெற்ற நல்ல குவார்ட்டர்பேக்குக்கு இன்று ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் போகிறது; டக் பிரெஸ்காட் 2024இல் ஆண்டுக்கு 6 கோடி என்று கையெழுத்திட்டார். அதே தரத்தில் ஆடும் இளைஞர் முதல் ஒப்பந்தத்தில் கிடைத்துவிட்டால், மிச்சமாகும் பணத்தில் தடுப்பு வரிசையையே கட்டலாம். வேறு எந்தப் பொசிஷனிலும் இவ்வளவு பெரிய லாபம் கிடையாது. அட்லாண்டா ஃபால்கன்ஸ் 2011இல் 27ஆவது இடத்திலிருந்து 6ஆவதுக்கு ஏறி ஜூலியோ ஜோன்ஸை எடுத்தது. இரண்டு முதல் ரவுண்டு உட்பட 5 பிக்குகள் போயின. ஜோன்ஸ் அவர் தலைமுறையின் தலைசிறந்த ரிசீவர்களில் (எறியும் பந்தைப் பிடிப்பவர்களில்) ஒருவர். அப்படியிருந்தும் அந்தப் பேரத்தை நான் செய்திருக்க மாட்டேன். ரிசீவருக்குப் பந்தை ஒருவர் எறிந்தாக வேண்டும், அவரை ஐந்து பேர் காக்க வேண்டும், எதிரணியைத் தடுக்கவும் ஆள் வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். அடுத்த ஆண்டின் முதல் ரவுண்டு பிக்கைக் கொடுக்கும்போது, அது எத்தனையாவது பிக் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் எவ்வளவு தோற்கிறீர்களோ, அவ்வளவுக்கு அது உயர்ந்துகொண்டே போகும். அதாவது பலவீனமான அணிதான் அதிக விலை கொடுக்கிறது.

2023இல் கரோலைனா பேந்தர்ஸ் 9ஆவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏறியது. சிகாகோ பேர்ஸுக்கு அது கொடுத்தவை: 9ஆவது பிக், 61ஆவது பிக், 2024 முதல் ரவுண்டு, 2025 இரண்டாம் ரவுண்டு, அதோடு தன் மிகச் சிறந்த ரிசீவர் டி.ஜே. மூர். வந்தவர் பிரைஸ் யங். ஒரு புதுமுகக் குவார்ட்டர்பேக்கை வாங்க, அவர் பந்தை எறிய வேண்டிய ஆளையே கொடுத்துவிட்டார்கள்! அந்த சீசனில் கரோலைனா 2 வெற்றி, 15 தோல்வி. கொடுத்த 2024 பிக் முதலாவது பிக்காகவே மாறி, சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. பிரைஸ் யங் மீது விழுந்த பழியை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். அவரைச் சுற்றி ஓர் அணி இருந்திருக்க வேண்டும்.

வாஷிங்டன் கதை இன்னும் கனமானது. 2012இல் ராபர்ட் கிரிஃபினுக்காக 6ஆவது இடத்திலிருந்து 2ஆவதுக்கு ஏறியது. மூன்று முதல் ரவுண்டு, ஒரு இரண்டாம் ரவுண்டு விலை. அவர் முதல் சீசனில் ஆடியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அணி 10 வெற்றி, 6 தோல்வி என்று முடித்தது, கொடுத்த 2013 பிக் 22ஆவதாகத்தான் போனது. அதுவரை பேரம் நியாயம். 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் அவர் முழங்கால் போயிற்று. அடுத்த சீசன் 3-13, கொடுத்த 2014 பிக் 2ஆவதாக எகிறியது. ஒரே ஆட்டக்காரரின் மூட்டில் மூன்று ஆண்டு டிராஃப்டை ஏற்றிவைத்தால் இதுதான் ஆபத்து. பிக்குகளைக் குவித்தால் மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன்: வாஷிங்டனிடம் அவற்றை வாங்கிய ரேம்ஸ் அணியும் 2012 முதல் 2016 வரை ஒரு சீசனைக்கூடத் தோல்வியைவிட அதிக வெற்றியோடு முடிக்கவில்லை.

எதிர்ப்பக்கம் கன்சஸ் சிட்டி சீஃப்ஸ். 2016 சீசனில் 12-4, கையில் அலெக்ஸ் ஸ்மித் என்ற நம்பகமான குவார்ட்டர்பேக், பயிற்சியாளர் ஆண்டி ரீட். 2017 டிராஃப்டில் 27ஆவது பிக், ஒரு மூன்றாம் ரவுண்டு, 2018 முதல் ரவுண்டு ஆகியவற்றை பஃபலோவுக்குக் கொடுத்து 10ஆவது இடத்துக்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. முதல் ஆண்டு கிட்டத்தட்ட முழுவதும் அவரை உட்காரவைத்துப் பழக்க முடிந்தது. கொடுத்த 2018 பிக் 22ஆவதாகத்தான் அமைந்தது. பிறகு வந்தவை மூன்று சூப்பர் பௌல் (என்எஃப்எல் இறுதிப் போட்டி) கோப்பைகள்.

மஹோம்ஸ் போன்றவர் கிடைத்தால் எந்தப் பேரமும் நல்லதாகத்தானே தெரியும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால் தோற்றுப்போன ஒன்றையும் பாருங்கள். 2021இல் சான்ஃபிரான்சிஸ்கோ 12ஆவது இடத்திலிருந்து 3ஆவதுக்கு ஏற மேலும் இரண்டு முதல் ரவுண்டும் ஒரு மூன்றாம் ரவுண்டும் கொடுத்து டிரே லான்ஸை எடுத்தது. அவர் அந்த அணிக்காக 4 ஆட்டம்தான் தொடங்கினார். 2023இல் ஒரு நான்காம் ரவுண்டு பிக்குக்கு டாலஸுக்குப் போனார். தேர்வு முழுத் தோல்வி. ஆனால் அணி பலமானது, அதனால் கொடுத்த இரண்டு முதல் ரவுண்டும் 29ஆவது பிக்குகளாகவே போயின. 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவதாக வந்த பிராக் பர்டியை வைத்து அவர்கள் 2024 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஆடினார்கள். இதே தவற்றைக் கரோலைனாவால் தாங்க முடிந்திருக்குமா?

பலவீனமான அணி அப்போது என்ன செய்வது? தன் இடத்திலேயே நிற்கலாம். 2023இல் ஹூஸ்டன் 2ஆவது இடத்தில் நகராமல் நின்றது; வந்தவர் சி.ஜே. ஸ்ட்ரவுட், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர்.

சிறிய ஏற்றங்களுக்கு நான் எதிரி இல்லை. 2018இல் பால்டிமோர் 52ஆவது இடத்திலிருந்து 32ஆவதுக்கு ஏறியபோது அடுத்த ஆண்டின் முதல் ரவுண்டைத் தொடவே இல்லை. 2019 இரண்டாம் ரவுண்டு போயிற்று, அதோடு நான்காம் ரவுண்டில் ஒரு சின்ன இடமாற்றம். வந்தவர் லமார் ஜாக்சன். அந்த விலைக்கு நானும் இன்றே கையெழுத்திடுவேன்.