புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை பாக்கு போட்டாலும் வாய்ப்புற்று வருமா?

உங்கள் ஆச்சி புகையிலையைத் தொட்டதே இல்லை, வெறும் வெற்றிலை பாக்குதான், அவர்களுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். சிக்கல் பாக்கில் இருக்கிறது.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சியும் சுருக்குப்பை, பாக்குவெட்டி இல்லாமல் திண்ணையில் உட்கார மாட்டார்கள். ஒருநாள் இட்லி சாப்பிடும்போது கவனித்தேன், வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது.

பாக்கிலுள்ள அரிக்கோலின் (arecoline) என்ற வேதிப்பொருள் கன்னத்துக்குள் நார்த்திசுவைப் பெருக்கிவிடுகிறது. அது புற்று அல்ல, ஆனால் சிலருக்குப் பிற்பாடு புற்றாக மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராத பாக்கையும் புற்று உண்டாக்கும் பொருள் என்றே சொல்கிறது.

சரி, என்ன செய்யலாம்? மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது.

அதனால் இன்றைக்கே டார்ச் அடித்து ஆச்சி வாயைப் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.