கணக்கு முடக்கம், ஸ்மார்ட் மீட்டர், ஆதார் நகல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்த கேள்விகள் பலவும் ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றுகின்றன. அரசாங்கமும் பெரிய கம்பெனிகளும் நம் சட்டைப் பைக்குள் எவ்வளவு தூரம் கையை விடலாம்? சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் "காலம் கெட்டுப்போச்சு" என்று புலம்பும் சந்தேகத்தால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. "எந்த உத்தரவு, எந்தப் பிரிவு, எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்கும் சந்தேகம்தான் வேலைக்கு ஆகும். கீழே அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டிங் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேனுங்க. புதுப் பார்ட்டி ஒருவர் ஜிபேயில் 18,400 ரூபாய் அனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து, சனிக்கிழமை சம்பளம் போட உட்கார்ந்தால் கரண்ட் அக்கவுண்ட் ஃப்ரீஸ். உள்ளே நாலு லட்சம் கிடக்கிறது. வேறு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் சொன்னதாக பேங்க்கில் கையை விரிக்கிறார்கள். நான் என்ன தப்பு பண்ணினேனுங்க? (திருப்பூர்)

நீங்கள் எந்தத் தப்பும் பண்ணாமலே இது நடக்கும். எங்கோ ஒருவர் ஆன்லைனில் பணத்தைப் பறிகொடுத்து, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்திருப்பார். அந்தப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு என்று போன தடத்தைப் பிடித்து, வழியில் உள்ள ஒவ்வொரு வங்கிக்கும் "நிறுத்தி வை" என்று தகவல் போகும். உங்கள் பார்ட்டி தந்த 18,400-ல் அந்தப் பணம் கொஞ்சம் கலந்திருந்தாலே நீங்களும் பட்டியலில் வந்துவிடுவீர்கள். திருடனைப் பிடிக்க இந்த வேகம் தேவைதான். ஆனால் பதினெட்டாயிரத்துக்காக நாலு லட்சத்தையும் பூட்டி, பத்துப் பேர் சம்பளத்தை நிறுத்துவதற்கு வேகம் என்று பெயர் வைக்க முடியாது.

முதலில் கிளை மேலாளரிடம் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். புகாரின் ஒப்புகை எண் என்ன, எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல் எது, எந்தச் சட்டப் பிரிவு, எந்தப் பரிவர்த்தனைக்காக, எவ்வளவு தொகை. மனுவின் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தோடு, முழுக் கணக்கையும் முடக்காமல் அந்த 18,400-ஐ மட்டும் 'லீன்' போட்டு (எடுக்க முடியாமல் நிறுத்தி) வைக்கும்படியும் அதே மனுவில் கேளுங்கள்.

அடுத்தது விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல். ஜிஎஸ்டி பில், டெலிவரி சலான், அந்தப் பார்ட்டியோடு வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் இணையுங்கள். வேலை செய்து கூலி வாங்கியிருக்கிறோம் என்பது காகிதத்தில் தெரிய வேண்டும். ஜாப் ஒர்க்கில் பாதி வியாபாரம் துண்டுச் சீட்டில் ஓடுகிறது என்பது எனக்கும் தெரியும். அந்தச் சீட்டாக இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, சந்தேகத்துக்குரிய சொத்தைக் கைப்பற்ற போலீசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தெரிவித்தார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், பணத்தை விடுவிக்கச் சொல்லி 503-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வேறு மாநில நீதிமன்றத்துக்கு அலைவது சிரமம் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்ற வழியும் இருக்கிறது. 2024-ல் இப்படி வந்த ஒரு வழக்கில், சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை இயக்க விட வேண்டும் என்றுதான் அந்த நீதிமன்றம் சொன்னது. வங்கியே பதில் தராமல் இழுத்தால், 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குச் செலவு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. "நான் பேசி எடுத்துத் தருகிறேன், இருபது பர்சென்ட் கொடுங்கள்" என்று போனில் வருகிறவர்களை அண்டவிடாதீர்கள். அப்புறம், இனிமேல் புதுப் பார்ட்டிகளின் யுபிஐ பணம் வர ஒரு கணக்கு, சம்பளம் போட இன்னொரு கணக்கு என்று பிரித்து வையுங்கள்.

ஜவுளிக்கடையில் போன் நம்பர் சொன்னால்தான் பில் போடுவேன் என்கிறார்கள். சொல்லியே ஆகணுமா? (ஈரோடு)

வேண்டாம். போன் நம்பர் தரச் சொல்லி வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. "நம்பர் இல்லாமல் போடுங்க தம்பி" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சாப்ட்வேர் ஏற்காது என்பார் அந்தப் பையன். பெரும்பாலும் பத்து சைபர் அடித்தால் ஏற்கும்.

எட்டுத் தறி ஓட்டுகிறோம். ஸ்மார்ட் மீட்டர் வந்தால் 1000 யூனிட் இலவசம் போய்விடும், தனியார் கம்பெனிக்காரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கரண்டைப் பிடுங்கிவிடுவான் என்கிறார்கள். நிஜமா? (சோமனூர்)

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் பயத்துக்கு மீட்டர் காரணமாகாது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவசம் 2023-ல் 1000 ஆனது மாநில அரசின் முடிவு. மின்சாரச் சட்டம் 2003-ன் 65-ஆம் பிரிவுப்படி மானியத்தை அரசு மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டும். அரசு நிறுத்தினால் பழைய மீட்டரிலும் நிற்கும், தொடர்ந்தால் புது மீட்டரிலும் தொடரும்.

இரண்டாவது பயம் நியாயமானது. ஸ்மார்ட் மீட்டருக்குள் தூரத்திலிருந்தே இயக்கும் சுவிட்ச் உண்டு. இன்றைக்கு ஃபியூஸைப் பிடுங்க ஒரு ஆள் வர வேண்டும். வந்தவரிடம் "ரெண்டு நாள் பொறுங்கண்ணா, பாவு இறங்கினதும் கட்டிடறேன்" என்று சொல்ல முடிகிறது. அந்த ஆளே இனி வர மாட்டார். கட்டணம் பாக்கி என்றால் 15 முழு நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் துண்டிக்க வேண்டும் என்கிறது 56-ஆம் பிரிவு. ப்ரீபெய்டு முறையில், காசு தீர்ந்ததும் கரண்ட் போகும்போது அந்த 15 நாள் எங்கே போகும்? எனவே மீட்டரே வேண்டாம் என்று சண்டை போடுவதைவிட, போஸ்ட்பெய்டா ப்ரீபெய்டா என்பதில் உங்கள் சங்கம் இப்போதே பிடிவாதமாக நிற்பது நல்லது. 2021-ல் ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தின் இலக்கு 25 கோடி ப்ரீபெய்டு மீட்டர்கள். தமிழ்நாட்டில் 2024 இறுதியில் விலை கட்டுப்படியாகவில்லை என்று ஸ்மார்ட் மீட்டர் டெண்டரை ரத்து செய்தார்கள். அதனால் பேசுவதற்கு நேரம் கிடைத்தது. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புது மீட்டர் உங்கள் லோடை, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறீர்கள் என்பதை, துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். எத்தனை மணிக்கு எத்தனை தறி ஓடியது என்று ஊகிக்கிற அளவுக்கு அதில் விவரம் இருக்கும். அந்த விவரம் யாரிடம் இருக்கும், யாருக்கு விற்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். கூடுதல் லோடுக்கு உடனே அபராதம் என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். 2023-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள்படி, ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று தடவை தாண்டினால்தான் அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்த முடியும். மீட்டர் பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அதைக் காட்டித் தண்டம் போடவும் முடியாது.

மீட்டர் என்றாலே கொங்குப் பக்கம் கோபம் வருவதை அதிகாரிகள் 'விவரம் தெரியாத மக்கள்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். விவரம் தெரிந்துதான் கோபம். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேர் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972-ல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வீதிகளை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் அப்படி வந்தது. அந்த பம்புசெட்டுக்கு மீட்டர் என்ற பேச்சை எடுத்தால், 'இன்று எண்ணுவார்கள், நாளை காசு கேட்பார்கள்' என்று தோட்டம் வைத்திருக்கும் விவசாயி நினைப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

மகள் கோவையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். லேடீஸ் ஹாஸ்டலில் ஆதார் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வோம், நகலும் மூன்று வேண்டும் என்கிறார்கள். (கோபிசெட்டிபாளையம்)

ஒரிஜினலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள் அம்மா. நகல்கூட அவசியமில்லை. ஆதார் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 8A பிரிவு, இப்படி ஆஃப்லைனில் சரிபார்க்கிறவர்கள் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ சேமித்து வைக்கவோ கூடாது என்கிறது. ஓட்டுநர் உரிமம் அல்லது வாக்காளர் அட்டை கொடுத்துப் பாருங்கள். ஆதார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த ஆதாரை இறக்கி, அதன் குறுக்கே "ஹாஸ்டல் சேர்க்கைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

கூத்தைக் கேளுங்கள். நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், மாஸ்க் செய்த ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே அறிவித்தது. இரண்டு நாளில், மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மக்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். கையோடு மகளின் பயோமெட்ரிக்கை ஆதார் தளத்தில் லாக் செய்துவிடுங்கள். கைரேகை தேவைப்படும் நாளில் மட்டும் திறந்தால் போதும்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லார் போனிலும் கட்டாயம் போடப் போகிறார்களா? (பொள்ளாச்சி)

போடப் பார்த்தார்கள். 2025 நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவில், புதுப் போன்களில் இதை முன்பே ஏற்றி விற்க வேண்டும், அதை முடக்க வழி இருக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளிடம் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ஆம் தேதி கட்டாயத்தைக் கைவிட்டார்கள். அந்த வேலையில் நல்ல பகுதியும் உண்டு. உங்கள் பெயரில் யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது, தொலைந்த போனை முடக்குவது இரண்டையும் அதன் இணையதளத்திலேயே செய்யலாம். ஆப் தேவையில்லை.

வாட்ஸ்அப்பில் மூன்று டிக் வந்தால் அரசாங்கம் படித்துவிட்டது என்று அர்த்தமாமே? இன்கம் டாக்ஸ்காரர்கள் எல்லா மெசேஜையும் பார்க்கலாமாமே? (கரூர்)

மூன்றாவது டிக் என்று ஒன்று கிடையாது. அனுப்பிய மாமாவிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. புதிய வருமான வரிச் சட்டம் 2025-ன் 247-ஆம் பிரிவு, சோதனை நடத்தும் அதிகாரி மின்னஞ்சல், கிளவுட் போன்றவற்றின் பாஸ்வேர்டைத் தாண்டி உள்ளே போக இடம் தருகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் அமல். முறைப்படி அனுமதி பெற்ற ரெய்டுக்குத்தான் இது, அன்றாடம் எல்லார் போனையும் மேய்வதற்கு அல்ல. ஆனாலும் நீதிமன்ற வாரண்ட் இல்லாமல், துறையின் மேலதிகாரியே இதற்கு அனுமதி கொடுத்துவிடலாம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

எக்ஸ்போர்ட் ஆபீஸ். ஆர்டர், டெக்பேக் (துணியின் அளவு, டிசைன் விவரங்கள்), மெயில் எல்லாம் ஒரே அமெரிக்கக் கம்பெனியின் கிளவுடில். ஒரு நாள் மூடிவிட்டால்? (திருப்பூர்)

மூடியதற்கு உதாரணமே இருக்கிறது. 2025 ஜூலையில், ஐரோப்பிய யூனியனின் தடைப் பட்டியலில் வந்த நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாப்ட் சேவையை நிறுத்தியது. அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு திரும்ப வந்தது. பெட்ரோல் சுத்திகரிப்பு நடத்துகிற கம்பெனிக்கே அந்தக் கதி.

உள்ளூர்க் கம்பெனிக்கு மாறினால் தீர்ந்தது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சாவி வேறொருவர் கையில் என்பது அங்கேயும் மாறுவதில்லை. வாராவாரம் எல்லா மெயிலையும் ஃபைலையும் உங்கள் ஆபீஸ் ஹார்டு டிஸ்க்கில் இறக்கி, இணைப்பைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அதைவிட அவசரமான ஒன்று: உங்கள் டொமைன் (வெப்சைட், மெயிலுக்கான இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல யூனிட்களில் அது வெப்சைட் போட்டுக்கொடுத்த பையன் பெயரில் இருக்கும், ஓடிபி அவன் போனுக்குப் போகும். அமெரிக்காவைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

மக்காச்சோள விதைப் பையில் "மறு விதைப்புக்கு அல்ல" என்று போட்டிருக்கிறது. விளைந்ததில் கொஞ்சம் எடுத்து வைத்து விதைத்தால் கேஸ் வரும் என்கிறார் கடைக்காரர். (உடுமலை)

வந்தாலும் சட்டப்படி நிற்காது. 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்க, விதைக்க, பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்க, விற்கக்கூட உங்களுக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகம் என்று லேபிள் போட்ட பையில் அடைத்து பிராண்டாக விற்பது மட்டும் கூடாது. 2019-ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ தலைக்கு ஒரு கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கியது இந்தச் சட்டம் இருக்கும் நாட்டில்தான். ஆகவே மிரட்டல் வராது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை எடுத்து வைத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் ஒரு கதிர் பெரிது, ஒரு கதிர் சொத்தை என்று கலைந்துபோகும். கம்பெனி உங்களைக் கட்டிப்போடுவது பையில் அச்சடித்த அந்த வரியால் அல்ல, இதனால்தான். சொந்த விதை வைக்க ஆசை என்றால் ஒட்டு அல்லாத ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள்.

கடையில் விதை வாங்கும்போது மட்டும் பில், பை, அதிலுள்ள டேக், ஒரு கைப்பிடி விதை நான்கையும் அறுவடை வரை தூக்கிப் போடாதீர்கள். விதை சரியாக முளைக்காவிட்டால் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் அந்த நான்கையும்தான் முதலில் கேட்பார்கள்.