தவிலுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை

அன்புள்ள ஐயா,

ஜூன் மாதம் குடும்பத்தோடு மூன்று நாள் புதுச்சேரி வந்திருந்தோம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. 21ஆம் தேதி உலக இசை நாள் என்று தெருவில் வாசித்தார்கள். நான் முழுவதையும் போனில் வீடியோ எடுத்தேன். பிள்ளைகள் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. மறுநாள் இரவு லைவ் மியூசிக் உள்ள ஓர் உணவகத்துக்குப் போனோம். மேடைக்குப் பக்கத்திலேயே மேஜை கிடைத்தது. பெண் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். பையனைச் சமாளிக்கப் போனைக் கொடுத்தோம். "காசு தண்டம், பிள்ளைகள் பெரியவர்கள் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் கணவர். எந்த வயதில் பிள்ளைகளைக் கச்சேரிக்குக் கூட்டிப்போகலாம்? புதுச்சேரியில் எந்த இடம் நல்லது? கீபோர்டு வகுப்பில் சேர்த்தால் ஆர்வம் வருமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்), திருப்பூர்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நான்கு வயது இருக்கும், ஒரு பையன் தவில்காரருக்கு ஒரு முழ தூரத்தில் நின்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

உணவக விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் பெண் அழுதது காது வலித்துத்தான். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது வேலை செய்யும் பெரியவர்களுக்குப் போட்ட கணக்கு. அதற்குமேல் 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். ஒலிபெருக்கிக்கு எதிரே ஐந்து வயதுக் குழந்தையை உட்காரவைத்துவிட்டு, அவள் அழுததைக் குறையாக எழுதுகிறீர்களே! காதைப் பொத்திக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் அந்த நிமிஷமே எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக் காசு போனால் போகட்டும்.

எந்த வயது என்று கேட்கிறீர்கள். தொட்டிலிலேயே தாலாட்டுக் கேட்ட பிள்ளைக்கு வயது பார்க்க என்ன இருக்கிறது?

என் அப்பா கடலூர் முதுநகரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதினார். சங்கீதம் படித்தவர் இல்லை. வைகாசியில் பாடலீஸ்வரர் கோயில் திருவிழா வந்தால், இரவு சாமி புறப்பாட்டுக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேளக்காரர்களுக்குப் பக்கத்திலேயே நடப்பார். எனக்கு அப்போது ஆறு வயது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். தவில்காரரின் வலக்கை விரல்களில் வெள்ளை வெள்ளையாகக் கூடு மாட்டியிருக்கும். துணியில் பசை தடவிச் சுற்றிக் காயவைத்தது அது. இடக்கையில் பூவரசங்கழி. நாகஸ்வரத்தில் நூலில் கட்டிய சீவாளிகள், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகள், தொங்கும். ஒருமுறை நாகஸ்வரக்காரர் பாதியில் நிறுத்தி, சீவாளியைக் கழற்றிவிட்டு வேறொன்றை வாயில் வைத்து ஈரப்படுத்தி ஊதிப் பார்த்தார். வாத்துக் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நான் சிரித்துவிட்டேன். அவரும் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அடுத்த நிமிஷம் அதே நாணல் துண்டை மாட்டிக்கொண்டு ஊதினார், தெரு முழுக்க நிறைந்துவிட்டது. இத்தனூண்டு பொருளிலிருந்து அவ்வளவு பெரிய நாதம் எப்படி வந்தது என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன். அந்த ஆச்சரியம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

இரண்டாவது தெரு திரும்புவதற்குள் தூக்கம் வந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் வீட்டுப் பக்கம் நடந்தார். நன்றாக இருந்ததா என்று கேட்கவில்லை. மறுநாள் காலையில் அம்மாவின் அரிசிக் குண்டானைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தவில் எதுல செய்றாங்க தெரியுமா? பலா மரத்துல. நீ திங்கிற பண்ருட்டிப் பலாதான்" என்றார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த சங்கீதம் அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளைகள் பத்து நிமிஷம் நின்றார்கள் என்றால் அதுவே நல்ல நேரம். அந்த இசை நாள் 1982இல் பிரான்சில் தொடங்கியது. டிக்கெட் இல்லாமல் தெருவில் வாசிப்பார்கள், போகிறவர் நின்று கேட்டுவிட்டுப் போகலாம். பிள்ளைகளுக்கு அதைவிடத் தோதான ஏற்பாடு எது?

ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள்? போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, இதைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் பெண் மூன்றரை அடி உயரம் இருப்பாளா? அவளுக்குத் தெரிந்தது முன்னால் நின்றவர்களின் முதுகும் இடுப்பும்தான். புதிதாக ஒன்று காதில் விழுந்தால் பிள்ளைகள் முதலில் அம்மா முகத்தைப் பார்ப்பார்கள். அம்மா முகம் மலர்ந்தால் அவர்களுக்கும் அது பிடித்துப்போகும். அவள் நிமிர்ந்து பார்த்தபோது உங்கள் முகம் போனுக்குப் பின்னால் இருந்தது. மறுநாள் பையன் கையில் போனைக் கொடுத்ததைச் சொல்கிறீர்கள். வாசிப்பவர் எதிரே இருக்கும்போது திரையைப் பார்க்கலாம் என்று முந்தின நாளே அவனுக்குக் காட்டிவிட்டீர்கள். அந்த வீடியோவைத் திருப்பூர் போய் எத்தனை தடவை போட்டுப் பார்த்தீர்கள்? அடுத்த முறை போனைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். ஒரே ஒரு போட்டோகூட வேண்டாம். பிள்ளைகளை முன்வரிசைக்குக் கூட்டிப்போய், அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாசிப்பவர் கையைக் காட்டுங்கள். முடிந்தால் ஆரம்பிப்பதற்கு அரை மணி முன்பே போங்கள். சுருதி சேர்ப்பதையும் வாரை இழுத்துக் கட்டுவதையும் பார்க்கட்டும். பிறகு பாட்டையே கேட்காமல் கிளம்பினாலும் பரவாயில்லை.

இடம் என்று தனியாக ஒன்றும் சொல்ல மாட்டேன். பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு நடக்கலாம். யாராவது வாசித்தால் நில்லுங்கள். அப்புறம் ஒரு நாள் கடலூருக்கும் வாருங்கள், பக்கம்தான். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய இடம் என்று இங்கே கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. அந்தக் கதையைப் பையனுக்குச் சொல்லிவிட்டுப் பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். பூஜை வேளையில் ஓதுவார் பாடினால், மைக் இல்லாமல் ஒரு மனிதக் குரல் கல் மண்டபத்தில் எப்படி ஒலிக்கிறது என்று அவன் கேட்கட்டும்.

கீபோர்டு வகுப்பு இப்போது வேண்டாம். வீட்டில் தட்டிப் பார்க்க ஒரு குண்டான் இருந்தால் போதும்.

உங்கள் கணவர் பெரியவர்கள் ஆகட்டும் என்கிறார். பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க அவருக்கு இன்னும் ஓரிரண்டு வருஷம்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.